இகுவானா அகற்றும் சேவை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தெற்கு ஃபுளோரிடாவின் ப்ரோவார்ட் கவுண்டியில், கால்வாய்க் கரையை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் உடும்பைப் போன்ற பெரிய பல்லிகளான பச்சை இகுவானாக்கள் பெருகிவிட்டதால், அவற்றை அகற்றும் சிறு நிறுவனம் ஒன்றைச் சென்ற ஆண்டு அமர்த்தினோம். செம்பருத்தியில் ஒரு மொட்டுகூட மிஞ்சாததைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் கரைச்சுவரின் பின்புறம் அவை தோண்டிய வளைகளால் மண் உள்வாங்கத் தொடங்கியபோது அச்சம் வந்துவிட்டது. இகுவானா வளைகளால் பழுதான அணையைச் சீர்செய்ய வெஸ்ட் பாம் பீச் நகரம் 18 லட்சம் டாலர் செலவிட நேர்ந்ததை அறிந்தவர்கள், இந்த அச்சத்தை மிகை என்று கருதமாட்டார்கள்.

முதலில் அழைத்த வேறொரு நிறுவனத்தார், உயிருடன் பிடித்துத் தொலைவில் விட்டுவிடுவதாகக் கூறினார்கள். கேட்பதற்கு இதமாக இருந்த அந்த வாக்குறுதி சட்டத்திற்குப் புறம்பானது. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து, 1960களில் மயாமி வட்டாரத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வுயிரினத்தை, மாநில மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் 2021 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிடிபட்டதை வேறிடத்தில் விடுவிக்க அனுமதி இல்லை. நில உரிமையாளரின் சம்மதத்துடன் ஆண்டு முழுவதும், உரிமம் இல்லாமலே கொல்லலாம். ஆயினும் விலங்குவதைத் தடைச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். ஊரில் உடும்பைப் பிடித்தாலே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இதற்கு மனம் ஒப்பச் சில நாட்கள் ஆயின.

அந்தத் தயக்கத்தை மதித்துப் பதில் சொன்னதே, நாங்கள் அமர்த்திய நிறுவனத்தின் முதற்சிறப்பு. வந்தவர் எங்களிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற்றார். வேலியைத் தாண்டி ஓடும் விலங்கைத் தொடர வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு வாங்கினார். எப்படிக் கொல்வீர்கள் என்று கேட்டபோது மழுப்பவில்லை. ஊர்வனவற்றின் மூளை குறைந்த ஆக்சிஜனிலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால், தலையைத் துண்டிப்பதால் மட்டும் உடனே உணர்வு போய்விடாது என்றும், நீரில் அமிழ்த்துவதும் உறைபெட்டியில் வைப்பதும் கொடுமை என்றும், நஞ்சு வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்றும் விளக்கினார். முதலில் ஒரே கணத்தில் உணர்விழக்கச் செய்து, அடுத்து மூளையை முற்றிலும் அழிப்பதே அவர் கையாண்ட முறை. பின்னால் மண்கரை இருக்கும் கோணம் அமையாதவரை அவர் காற்றுத் துப்பாக்கியை உயர்த்தவே இல்லை. ஒருமுறை அரைமணி நேரம் காத்திருந்து, கோணம் அமையாமல் திரும்பியும் போனார். அந்த வருகைக்குக் கட்டணம் கேட்கவில்லை. மாம்பழத் துண்டுகள் வைத்த கூண்டுகளைக் காலையும் மாலையும் தவறாமல் வந்து பார்த்தார்.

மூன்று வருகைகளில் பதினொன்றை அகற்றினார்கள். மொத்தம் 450 டாலர் ஆயிற்று. இரண்டே மாதத்தில் எதிர்க்கரையிலிருந்து புதியவை நீந்தி வந்தன. இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்: ஒரு பெட்டை 14 முதல் 76 முட்டைகள் வரை இடும் நிலையில், ஒரு வீட்டைச் சுத்தமாக்கினால் தீர்ந்தது என்று யார் சொன்னாலும் நம்பலாகாது. அதை அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். செம்பருத்தியை எடுத்துவிட்டு அவை விரும்பாத குரோட்டன் நடவும், மரங்களின் அடியில் தகரம் சுற்றவும் சொன்ன யோசனைகள் துப்பாக்கியைவிட நீடித்த பயன் தந்தன. தகரம் சுற்றிய மாமரத்தில் இந்த ஆண்டு காய்கள் தப்பின.

குறை ஒன்று உண்டு. வளைகளை மூடும் வேலை முதலில் சொன்ன தொகையில் அடங்காது என்பதைக் கணக்குச்சீட்டு வந்த பிறகே தெரிந்துகொண்டோம். கரைச்சுவர் உள்ள வீட்டில் இதுவே முதன்மையான வேலை. ஆகவே அழைக்கும்போதே அதற்கான தொகையைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்கும் இவர்களையே அமர்த்தியிருக்கிறோம். இம்முறை அத்தொகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.