போல்ட் போட்டுக் கட்டிய ஹெரால்டு: பதினொரு வருட அனுபவம்

ஒர்க்‌ஷாப்பிலிருந்து என் ஹெரால்டு கார் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்றைய மழையில் கால் வைக்கும் இடத்தில் மறுபடியும் தண்ணீர். கார்ப்பெட்டைப் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தால், "பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்கிறார்.

948 சிசி எஞ்சின், மைலேஜ் எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது இந்த வண்டியின் இணைப்புகளைப் பற்றி.

1950களில் மற்ற கார் தயாரிப்பாளர்கள் வண்டியின் உடல் முழுவதையும் ஒரே கூடாக வெல்டு செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஹெரால்டை உருவாக்கிய, இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு அந்த வழி அடைபட்டது. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. அதனால் உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் தகட்டை அச்சில் அழுத்திச் செய்து வரவழைத்து, தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இத்தாலியின் டூரினில் இருந்த வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அந்த அழகான வடிவத்துக்குள் இருப்பது இந்தக் கட்டுமானம்தான். 1959இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1961 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரானது.

இதனால் எனக்குக் கிடைத்த சுகம் கொஞ்சமில்லை. பானட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ரேடியேட்டர் ஓஸ் எதற்கும் கையை வளைத்து நுழைக்க வேண்டியதில்லை. வண்டி வேலை கொஞ்சமாவது எனக்குத் தெரியும் என்றால், அது இந்தப் பானட் கற்றுக்கொடுத்தது. அப்புறம், திருப்பம்: 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். எங்கள் தெருமுனையில் புது வண்டிகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்க, இது ஒரே வளைப்பில் வெளியே வந்துவிடும்.

சேஸிஸில் துரு வந்ததால் இந்த முறை உடலைத் தூக்க வேண்டியிருந்தது. வெல்டிங் நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பப் பூட்டும்போது இரண்டு துண்டுக்கும் நடுவே தண்ணீர் புகாமல் வைக்க வேண்டிய சீலிங் பட்டியை வைக்காமல், மேலே பேஸ்ட்டைப் பூசி பெயின்ட் அடித்துவிட்டார்கள். பழைய பட்டியைக் கழற்றும்போதே பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். "புதுசு போடுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னேன். துண்டுகளாகக் கட்டிய வண்டியில் இணைப்புதானே உயிர்! அதைக் கண்ணுக்குத் தெரியாத வேலை என்று விட்டுவிட்டார்களே என்று மனம் ஆறவில்லை. மறுபடியும் அத்தனை போல்ட்டையும் கழற்ற வேண்டும்.

சரி, வாங்கலாமா? இன்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதையும் மீறிப் பார்க்கப் போவதானால், நல்ல மழை நாளில் போங்கள். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி, தரை இணைப்பை விரலால் தடவிப் பாருங்கள்.