மஞ்சள் ரேட் சைட்டை அமேசானோட ஃபைல் சேமிப்பு எஸ்3-க்கு மாத்தி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, என் அனுபவம்

ஈரோட்டு மஞ்சள் ரேட்டையும் அவல்பூந்துறை, பெருந்துறை கொப்பரை ரேட்டையும் தினமும் போடற சின்ன சைட் ஒண்ணு நடத்தறனுங்க. பக்கத்தை முன்கூட்டியே எழுதிக் குடுக்கற ஹியூகோங்கற சாஃப்ட்வேர்ல செஞ்சது. டேட்டாபேஸ் இல்ல, லாகின் இல்ல, வெறும் எச்டிஎம்எல் பக்கமும் போட்டோவுந்தான். நாள் முழுக்க ஈ ஓட்டற சைட்டு, ஆனா ஏலம் முடிஞ்சு சாயங்காலம் விரலி இவ்வளவு கிழங்கு இவ்வளவுன்னு ஏத்துனதும் அடுத்த ஒரு மணி நேரத்துல கொடுமுடி சிவகிரி அந்தியூர்னு அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து நிப்பாங்க. ஜனவரிக்கு மேல புது மஞ்சள் வரத்து ஆரம்பிச்சா கூட்டம் இன்னும் எச்சு.

முன்னாடி வச்சிருந்தது ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல சைட்டுக பங்கு போட்டுக்கறது), வருசத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம், அன்லிமிடெட்னு பெருசா போட்டிருந்தாங்க. 2023 ஆகஸ்ட்டுல மஞ்சள் குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டி மேல மேல ஏறுச்சு பாருங்க, அப்பதான் அந்த அன்லிமிடெட்டோட லட்சணம் தெரிஞ்சுது. நாலரை மணிக்கு சைட்டைத் தொறந்தா 509 எர்ரர், பேண்ட்வித் (அனுப்பற டேட்டாவோட அளவு) லிமிட் தாண்டிருச்சுன்னு ஒத்தை வரி. கேட்டா ஃபேர் யூசேஜ்ங்கறாங்க. நானும் யோக்கியமில்லீங்க, சாம்பிள் மஞ்சள் போட்டோவை போன்ல எடுத்தபடியே ஒவ்வொண்ணும் நாலு எம்பி சைஸுல அப்படியே ஏத்தி வச்சிருந்தேன். அதைச் சுருக்கியிருந்தா இன்னும் ஆறு மாசம் அங்கயே ஓட்டியிருக்கலாம், உண்மையச் சொல்லணுமில்ல.

கிட்ஹப் பேஜஸுங்கற இலவச இடத்துக்குப் போயிரலாமான்னு ஒரு ரோசனை இருந்துச்சு, ஆனா அங்க மாசம் 100 ஜிபிதான், கறாரான லிமிட் இல்லைன்னாலும் நாம தாண்டுவோம்னு தெரிஞ்சே போய் உக்காரக் கூடாது. கடைசியா அமேசான் எஸ்3 மும்பை ரீஜியன்ல (அங்க இருக்கற டேட்டா சென்டர்ல) ஃபைல், முன்னாடி நின்னு பக்கத்தைக் காப்பி எடுத்து வச்சுக் குடுக்க கிளவுட்ஃபிரண்ட், சைட் பேரை சர்வர் முகவரியா மாத்தற டிஎன்எஸ்-க்கு ரூட் 53, எல்லாம் அமேசானோடதுதான். எஸ்3-ல சும்மா ஸ்டாட்டிக் வெப்சைட் ஹோஸ்டிங்கை ஆன் பண்ணி விட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சவன் நான். அது குடுக்கற வெப்சைட் எண்ட்பாயிண்ட் (முகவரி) எச்டிடிபி மட்டுந்தான் பேசும், பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் வேணும்னா முன்னாடி கிளவுட்ஃபிரண்ட் மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும். எச்டிடிபிஎஸ்-க்கு வேணுங்கற சர்டிபிகேட்டை மும்பையிலயே எடுத்து வச்சுட்டு கிளவுட்ஃபிரண்ட் லிஸ்ட்டுல காணமே காணமேன்னு ஒரு ராத்திரி முழுக்கத் தேடுனேன். அது அமெரிக்காவுல வர்ஜீனியா ரீஜியன்ல எடுத்தாத்தான் அங்க தெரியுமாம். பக்கெட்டை (எஸ்3-ல ஃபைல் இருக்கற பெட்டி) பூட்டி வச்சு கிளவுட்ஃபிரண்ட் வழியா மட்டும் தொறந்தா அடுத்த கூத்து: முகப்பு வருது, உள்ள இருக்கற ஃபோல்டர் பக்கமெல்லாம் 403, அனுமதி இல்லைங்குது. டிஃபால்ட் ரூட் ஆப்ஜெக்ட்ங்கறது (ஃபைல் பேர் இல்லாம வந்தா எதைக் காட்டணும்ங்கற செட்டிங்) முகப்புக்கு மட்டுந்தான், உள் ஃபோல்டருக்கு இண்டெக்ஸ் ஃபைலை நாமதான் சேத்து விடணும், கிளவுட்ஃபிரண்ட் ஃபங்ஷன்ல பத்து வரி எழுதுனா தீந்துது.

டிஎன்எஸ் மாத்தறதுக்கு முந்துன நாளே பழைய இடத்துல டிடிஎல்லை (முகவரியை எத்தனை செகண்ட் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கறது) 14400-ல இருந்து 300-க்குக் கொறச்சுட்டேன், அது ஒண்ணுதான் மொதல் தடவையிலயே உருப்படியா செஞ்சது. பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாசம் அப்படியே விட்டு வச்சிருந்தேன், சில போன்ல நாலு நாள் கழிச்சும் அங்கதான் போயிட்டிருந்துச்சு.

கூட்டத்தைத் தாங்குச்சான்னு கேட்டா, தாங்குச்சுங்க, அதுல பேச்சே இல்ல. 2024 மார்ச் ஏப்ரல்ல மஞ்சள் இருவதாயிரத்தைத் தாண்டுனப்ப வந்த கூட்டம் நான் அதுவரைக்கும் பாக்காதது, சைட் அசையல. நானும் ஒரு சுச்சைக்கூடத் தொடல. 2025-ல கொப்பரை கிலோ இரநூறு தாண்டுனப்பவும் அதே கதைதான்.

என்னைப் படுத்துனது வேற.

மாத்துன ரெண்டாவது வாரம் காலையில ஏழு மணிக்கு சிவகிரி மாமா போன். சைட்டுல ரேட்டைப் பாத்துட்டு குட்டியானையில இருவது மூட்டை ஏத்திட்டு பெருந்துறை வந்துட்டார், அங்க வந்து விசாரிச்சா நேத்தே அறநூறு ரூபா எறங்கியிருக்குது. நான் நேத்து சாயங்காலமே எறங்குன ரேட்டைப் போட்டுட்டேன், என் லேப்டாப்புல சரியாத்தான் காட்டுது, மாமா போன்ல முந்தாநாள் ரேட்! "மாப்ளே, உன்ற சைட்டு இப்ப நல்லா ஓடுது, ரேட்டுதான் ஓட மாட்டேங்குது"ன்னார். காரணம் என்னன்னா நாம எதுவும் சொல்லாம விட்டா கிளவுட்ஃபிரண்ட் ஒரு பக்கத்தை 86400 செகண்ட், அதாவது ஒரு நாள் முழுக்க கையில வச்சுக்கும். நான் ரேட் ஏத்தறதுக்கு அரைமணி நேரம் முந்தி எவரோ தொறந்து பாத்திருக்கார், அந்தக் காப்பி மறுநாள் அந்த நேரம் வரைக்கும் அந்த எட்ஜ்ல (கிளவுட்ஃபிரண்ட் அங்கங்க வச்சிருக்கற சர்வர்ல) உக்காந்துக்கும், நமக்கு வேற எட்ஜ்ல இருந்து வந்தா புதுசு தெரியும். அப்பவே பழைய ஹோஸ்டிங்குல 509 வந்தது எவ்வளவோ தேவலைன்னு தோணுச்சு. சைட் விழுந்தா ஆளுக போன் பண்ணி திட்டிட்டு வேற பக்கம் கேட்டுக்குவாங்க, பழைய ரேட்டைக் காட்டுனா நம்பி வண்டி ஏத்திருவாங்க.

சரின்னு எச்டிஎம்எல்லுக்கு கேஷ் கண்ட்ரோல் (காப்பியை எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்னு ஃபைல் கூடப் போற ஹெட்டர் குறிப்பு) 60 செகண்ட், போட்டோவுக்கும் சிஎஸ்எஸ்-க்கும் (பக்க அலங்கார ஃபைல்) பேர்லயே ஹாஷ் (உள்ள இருக்கறது மாறுனா தானும் மாறற குறியீடு) சேத்து ஒரு வருசம்னு வச்சேன். அதுலயும் ஒரு குழி. லேப்டாப்புல இருந்து எஸ்3-க்கு ஃபைலை ஏத்தற சிங்க் (sync) கமாண்ட் மாறாத ஃபைலைத் தொடாது, ஹெட்டர் மட்டும் மாறுனா அதுக்குத் தெரியாது, அதனால முன்னாடியே அங்க கெடந்த பக்கத்துக்கெல்லாம் புது கேஷ் கண்ட்ரோல் ஏறவேயில்ல. எல்லாத்தையும் ஒரு தடவை வம்படியா மறுபடி ஏத்த வேண்டியதாப் போச்சு.

இதைவிட மோசமானது நாலு மாசம் கழிச்சு வந்துச்சு, இது நானே வெலைக்கு வாங்குனது. ஹியூகோ ஒவ்வொரு தடவையும் பழைய நாள் பக்கம் உட்பட நாலாயிரம் பக்கத்தையும் புதுசா எழுதும், ஃபைல் தேதி மாறிப்போறதால சிங்க் அத்தனையும் மறுபடி ஏத்தும், வீட்டு நெட்டுல எட்டு நிமிசம் ஆகும். ஏலம் முடிஞ்சு ஜனம் காத்திருக்கறப்ப எட்டு நிமிசம்னா சும்மாவா. அதனால சைஸை மட்டும் பாத்து ஏத்துன்னு ஒரு ஆப்ஷன் போட்டு விட்டேன், இருவது செகண்டுல முடிஞ்சுது, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். இப்ப நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க: 13,450 நேத்து ரேட், 13,620 இன்னைக்கு ரேட், தேதியும் 12 போய் 13 ஆகுது. எழுத்து எண்ணிக்கை ஒண்ணுதான், ஃபைல் சைஸ் ஒரு பைட்டுகூட மாறல. சிங்க் பாத்துட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு தாட்டி விட்டுருச்சு. எர்ரர் கெடையாது, ஒண்ணும் கெடையாது, பச்சைக் கலர்ல முடிஞ்சதுன்னு வேற காட்டுது. வேற ரேட் சைட்டு, ஸ்கோர் சைட்டு வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு அந்த ஆப்ஷன் பக்கமே போகாதீங்க. இப்ப ஹியூகோவோட சொந்த டிப்ளாய் (ஏத்தற) கமாண்டுக்கு மாறிட்டேன், அது எம்டி5-ங்கற உள்ளடக்கக் குறியீட்டை ஒப்பிட்டுப் பாத்து நெசமா மாறுனதை மட்டும் ஏத்துது, கேஷ் கண்ட்ரோலும் அதுலயே, ஏத்தி முடிச்சதும் பழைய காப்பியைத் தூக்கிப் போடச் சொல்ற இன்வாலிடேஷனும் அதே அனுப்பிருது. இன்வாலிடேஷன் மாசம் 1000 பாத் (பக்க முகவரி) வரைக்கும் இலவசம், மொத்த சைட்டுக்கும் ஸ்டார் போட்டு அனுப்புனா ஒரு பாத்தாத்தான் கணக்கு, நாம தினம் ரெண்டு தடவை அனுப்பினாலும் பக்கத்துல போகாது.

பில்லு. கிளவுட்ஃபிரண்ட்ல 2021 டிசம்பர்ல இருந்து மாசம் 1 டிபி டேட்டாவும் 1 கோடி ரெக்வெஸ்ட்டும் (ஒரு ஃபைல் கேட்டா ஒண்ணு) இலவசம்னு குடுத்தாங்க, நான் அதுக்குள்ளதான் ஓடறேன். (புதுசா கணக்குத் தொடங்கறவங்க அன்னைக்கு என்ன பிளான்னு பாத்துட்டு எறங்குங்க.) ரூட் 53-க்கு ஒரு ஸோனுக்கு (ஒரு சைட் பேருக்கு) அரை டாலர், எஸ்3 சில்லறை, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, எல்லாஞ்சேத்து சாதாரண மாசத்துல நூறு ரூபாய்க்குள்ள அடங்கிருது. டேட்டாவைவிட ரெக்வெஸ்ட்டுதான் மொதல்ல தீரும்போலிருந்துச்சு, ஒரு பக்கத்துக்கு பன்னண்டு ஃபைல் இழுத்தா எட்டு லட்சத்துச் சொச்சம் பார்வையிலயே கோடி காலி, அதனால ஐகான் ஃபாண்ட் எல்லாம் தூக்கிக் கடாசிட்டு நாலு ஃபைல்ல நிறுத்திட்டேன்.

ஒரே ஒரு மாசம் மட்டும் ரெண்டாயிரம் வந்துச்சு. பக்கெட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி சோதனைக்கு எடுத்த எஸ்3 நேரடி லிங்க்கையே வாட்ஸப் குரூப்புல போட்டு விட்டிருந்தேன், போட்டோவுக்காக ஒண்ணு ரெண்டு ஃபோல்டரையும் தொறந்தே விட்டுட்டேன், அது ஊர் பூரா சுத்தியிருக்குது. எஸ்3-ல இருந்து நேரடியா வெளிய போனா மும்பையில ஒரு ஜிபிக்கு கிட்டத்தட்ட 11 சென்ட். என் கவனக்கொறைவுதான். பட்ஜெட் அலர்ட் வச்சிருந்தேன், ஆனா அது மெயில் அனுப்புமே தவிர எதையும் நிறுத்தாது, அந்த மெயிலும் பல மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அப்புறந்தான் முழுசாப் பூட்டுனேன்.

தினம் ஐநூறு பேர் வர்ற சைட்டுன்னா இத்தனை பாடு தேவையில்லீங்க, இருக்கற இடத்துலயே போட்டோவைச் சுருக்கிட்டு இருங்க. எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி, பக்கெட்டுல வெர்ஷனிங் (பழைய ஃபைலையும் வச்சுக்கற வசதி) ஆன் பண்ணல, கிட்ல (மாத்துனதையெல்லாம் பதிஞ்சு வைக்கற சாஃப்ட்வேர்) எல்லாம் இருக்குதுங்கற தைரியத்துல தள்ளிட்டே போறேன். பக்கத்து மேல தேதியை மட்டும் ரெண்டு மடங்கு பெருசாக்கி வச்சிருக்கேன், மாமா கண்ணுக்குத் தெரியற சைஸுல.