கிளட்ச் கட் ஆகவில்லை: கோளாறு வெளியிலா, பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயா?

டிரக்குக்கு வேறு மேனுவல் கியர்பாக்ஸ் ஏற்றியாகிவிட்டது. இன்ஜின் நிற்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகின்றன. ஸ்டார்ட் செய்து, கிளட்சை அடிவரை மிதித்து ரிவர்ஸ் போட்டால் மட்டும் பல் கடிக்கிற சத்தம். கிளட்ச் கட் ஆகவில்லை, அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் முழுக்க விடுபடவில்லை, அது நிச்சயம். பாக்ஸை மறுபடி இறக்குவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

சந்தேகம் இரண்டு பக்கம் போகும். வெளிப்பக்கம் பெடல், அது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பைப், அந்த ஆயில் அழுத்தத்தில் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். உள்பக்கம், அதாவது கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள், கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ஃபோர்க், அது தள்ளும் ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்டின் நுனியைக் கிராங்கில் தாங்கும் பைலட் பேரிங். நேற்றுவரை உள்ளே கை வைத்திருந்தவருக்கு உள்ளேதான் சந்தேகம் ஓடும். நான் வெளியிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே பார்க்க ஒரு ஸ்கேலும், பெடலை மிதிக்க ஓர் ஆளும் போதும்.

ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக நகர்ந்தால் கோளாறு வெளியே. முழுசாக நகர்ந்தும் கட் ஆகவில்லை என்றால் உள்ளே. இந்த ஓர் அளவு பாதி வழக்கைத் தீர்த்துவிடும். ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வகை என்றால் இப்படி அளக்க முடியாது. அந்த அமைப்பு எனக்குப் பிடிக்காததற்கு முதல் காரணமே இதுதான்.

வெளிப்பக்கத்தில் முதல் சந்தேகம் ஆயிலில் புகுந்த ஏர். பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் விழுந்துவிடும். அடுத்தது மாஸ்டரின் உள் சீல். முன்னால் இடம் விட்டு, கியர் போட்டு, பெடலை மிதித்தே பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக நகரப் பார்த்தால் பிரஷர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மிதிக்கும்போது மாஸ்டர் மாட்டியிருக்கும் தகடு வளைகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பாக்ஸ் மாற்றிய வண்டிக்கென்றே ஒரு வம்பு உண்டு: ஒவ்வொரு பாகமும் நல்லது, ஜோடிதான் பொருந்தவில்லை. பழைய மாஸ்டரை அப்படியே வைத்துக்கொண்டு, 19.05 மி.மீ. விட்டமுள்ள ஸ்லேவுக்குப் பதில் 22.2 மி.மீ. ஸ்லேவ் வந்துவிட்டது என்று வையுங்கள். அதே மிதிக்கு ராடு நகரும் தூரம் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பெடலோ முன்னைவிட இலேசாக இருக்கும். அந்த சுகம்தான் ஏமாற்றும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் இது தீராது.

உள்பக்கத்திலும் இதே பொருத்தக் கதைதான். பிளேட்டைத் திருப்பி மாட்டினால் அதன் நடுப்பகுதி பிளைவீலில் (இன்ஜின் முனையில் சுற்றும் கனமான சக்கரத்தில்) முட்டும். பிளைவீலைக் கடைந்து மெலிதாக்கினால் பிரஷர் பிளேட் பேரிங்கைவிட்டுத் தள்ளிப்போகும். உயரம் மாறிய ரிலீஸ் பேரிங்கும், ஃபோர்க் தாங்கும் பால் ஸ்டட்டும் அதே வேலையைச் செய்யும். பைலட் பேரிங் இறுகினால் பிளேட் முழுக்க விடுபட்டிருந்தாலும் இன்ஜினின் கிராங்க், பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் இருந்த இன்ஜின் என்றால், கிராங்கில் பைலட் பேரிங் உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கோளாறு இதற்கு நேர்மாறாக, பெடலை விட்ட பிறகும் பிடிக்காமல் கிளட்ச் ஸ்லிப் ஆனால் சோதனை இன்னும் எளிது. ஸ்லிப் ஆகும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்லேவின் பிளீடரை (ஏர் எடுக்கும் திருகை) லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, அதன்பின் கிளட்ச் பிடித்தால் வெளிக் கோளாறு: பெரும்பாலும் மாஸ்டரின் புஷ் ராடு தேவைக்கு மேல் நீளமாக அமைந்து ஆயில் திரும்பும் துளையை அடைத்திருக்கும். மாற்றமே இல்லை என்றால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், பிரஷர் பிளேட் தளர்ந்திருக்கலாம்.

சரி, பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே இருந்து இரண்டையும் நேராகப் பொருத்த வேண்டிய டவல் பின்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய பாக்ஸோடு அவை போய்விட்டிருக்கவும் கூடும்.