சிசேரியன் பெல்ட்: வயிறு குறையணும்னு வாங்காதீங்க, எந்திரிச்சு நடக்க வாங்குங்க

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் டாக்டர்கிட்ட கேட்டுட்டு போட ஆரம்பிச்சேன், இப்போ 7 வாரம் ஆச்சு. 4 ஸ்டார் குடுக்குறேன்.

முதல் தடவை கட்டில விட்டு எந்திரிச்சப்போ வயிறே கழண்டு கீழ விழுந்துடும் போல இருந்துச்சு, இருமல் வந்தா உயிர் போய் உயிர் வரும், தும்மல் வருதுன்னாலே பயம். பெல்ட் கட்டினதும் யாரோ ரெண்டு கையால வயித்த தாங்கிப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் யார் கையையும் பிடிக்காம பாத்ரூம் போயிட்டு வந்தேன், வந்து உக்காந்து அழுதுட்டேன், அவ்ளோ சந்தோஷம். (எந்திரிக்கிறப்போ ஒருக்களிச்சு படுத்து கைய ஊனி எந்திரிங்க, நேரா எந்திரிக்காதீங்க.)

1 ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, பாக்ஸ்ல வயிறு தட்டையாயிடும்னு போட்டிருக்காங்க, அது நடக்காது. கர்ப்பப்பை பழைய அளவுக்கு சுருங்கவே 6 வாரம் கிட்ட ஆகும், பெல்ட் கொழுப்பெல்லாம் கரைக்காது. நான் அத நம்பி ரெண்டாவது வாரம் இறுக்கி இறுக்கி கட்டி மூச்சு முட்டுச்சு, அடியில பாரமா இழுத்துச்சு. பிசியோதெரபிஸ்ட் பாத்துட்டு, இவ்ளோ இறுக்குனா அழுத்தம் பூரா கீழ இருக்குற தசைக்குதான் போகும்மா, லூஸ் பண்ணு, தூங்குறப்போ கழட்டிடுன்னாங்க. வெல்க்ரோ ஓரம் தையல்ல உரசும், உள்ள மெல்லிசா காட்டன் துணி போட்டுக்கோங்க, வேர்த்தா மாத்திடுங்க. தையல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ பெல்ட்ட கழட்டிட்டு உடனே டாக்டர பாருங்க.

இன்னொன்னும் சொல்லணும். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு அந்த பாக்ஸ் படத்தோட என் வயித்த ஒப்பிட்டுப் பாத்து அழுவேன், நார்மலா பெத்துக்கலயேன்னு அதுக்கும் சேத்து அழுவேன். முதல் 2 வாரம் அழுகை வர்றது நிறைய பேருக்கு இருக்குறதுதான், எனக்கு அதுக்கப்புறமும் நிக்கல, பிள்ள தூங்குனாலும் எனக்கு தூக்கம் வரல. செக்கப்ல சொன்னப்போ, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இருக்கான்னு பாக்குற எடின்பர்க் கேள்வித்தாள்னு 10 கேள்வி குடுத்தாங்க, அத வச்சுதான் கவுன்சிலிங் ஆரம்பிச்சாங்க, இப்போ பரவாயில்ல. உங்களுக்கும் இப்படி இருந்தா 2 வாரத்துக்கு மேல காத்திருக்காதீங்க. பிள்ளைக்கோ உங்களுக்கோ ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைப்பு வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சைஸ் மட்டும், கர்ப்பத்துக்கு முந்தின அளவுல ஆர்டர் பண்ணிடாதீங்க, பிரசவத்துக்கு அப்புறம் டேப் வச்சு அளந்து வாங்குங்க.