"26 நாளா அணைக்கவே இல்லை" என்று சொல்லி அப்பாவிடம் பணம் வாங்கிய கடை: வீட்டுக்கு வரும் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்களிடம் கவனம்

உங்கள் வீட்டில் வயதான பெற்றோர் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களா? கோளாறு என்றால் கடைக்குப் போன் செய்து ஆளை வரவழைக்கிறார்களா? இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. செய்த விதம் தெரிந்தால் போதும், எந்தக் கடைக்காரர் செய்தாலும் பிடித்துவிடலாம்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவோடு சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறார். எனக்குத் தரமணியில் வேலை, வேளச்சேரியில் வீடு, அதனால் வாரக் கடைசியில்தான் அங்கே போக முடியும். அவரிடம் இருப்பது அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது. குடும்பப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், ஆதார், பான் நகல்கள் எல்லாம் தனியாக ஒரு 2 டி.பி. ஹார்ட் டிஸ்கில். அந்த டிஸ்க் கொஞ்ச நாளாக டக் டக்கென்று சத்தம் போட்டது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். வாரன்ட்டி இருக்கிறதே என்று வாங்கிய கடைக்கே போன் செய்தார். ஒரு பையன் வந்தான்.

வந்தவன் முதலில் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சி.பி.யு.வைக் கிளிக் செய்து, கீழே 'அப் டைம்' (மெஷின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு) என்று இருக்கும் இடத்தை அப்பாவுக்குக் காட்டினான். 26:03:41:17 என்று ஓடிக்கொண்டிருந்தது. "அங்கிள், 26 நாளா மெஷின் ஆஃப்பே ஆகலை. நான் சொல்லலை, கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க. இப்படி ராத்திரி பகலா ஓட்டினா டிஸ்க் போகத்தான் செய்யும். இது மிஸ்யூஸ், வாரன்ட்டியில வராது."

அப்பா அப்படிப்பட்ட ஆளே இல்லை. தினம் ராத்திரி செய்தி முடிந்ததும் ஷட் டவுன் கொடுப்பார், திரை கறுப்பாகும் வரை நிற்பார், யு.பி.எஸ்.ஸை அணைப்பார், அப்புறம் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைப்பார். இ.பி. அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று கணக்குப் போடுகிறவர். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் அவருக்கு அது மானப் பிரச்சினை. அவரிடம் போய் 26 நாளாக அணைக்கவில்லை என்றால்?

ஆனால் அவர் சண்டை போடவில்லை. எண் கண்ணெதிரே ஓடுகிறது, அதோடு எப்படிச் சண்டை போடுவது? மொத்தம் 8,200 ரூபாய் கொடுத்தார். புது டிஸ்குக்கு 6,200, பழையதிலிருந்து காப்பி எடுக்க 1,500, வீட்டுக்கு வந்ததற்கு 500. வெள்ளைத் தாளில் 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்கையும் "கம்பெனி டிஸ்போசலுக்குப் போகணும்" என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரி அப்பா எனக்குப் போன் செய்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏம்மா, நான் அணைக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு அணைக்காம விட்டிருக்கேனா? உங்க அம்மா பார்த்திருப்பாளே" என்றார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அண்ணனுக்கு மறதி நோய் வந்து பட்ட பாட்டைக் கிட்டே இருந்து பார்த்தவர். போனதென்னவோ 8,200 ரூபாய்தான். இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவழைத்ததற்குத்தான் எனக்குக் கோபம்.

இப்போது அந்த எண்ணின் சங்கதி. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது தானாகவே ஆனில் இருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்த புரோகிராம்கள் மூடப்படும், நம் கணக்கும் வெளியேறிவிடும். ஆனால் விண்டோஸின் அடிப்பகுதியான கெர்னல் முழுதாக மூடப்படுவதில்லை. அது இருந்த நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் கரன்ட் நிற்கிறது. மறுநாள் பட்டனை அழுத்தினால் எழுதி வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடுகிறது. இதனால் 'அப் டைம்' பூஜ்யத்துக்குப் போவதில்லை. அணைந்து கிடந்த நேரத்தையும் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கை மேலே போய்க்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் இதேதான், ஏனென்றால் எழுதி வைத்தது டிஸ்கில் இருக்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் கெர்னல் புதிதாக ஏறும், எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாதா மாதம் வரும் விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் கேட்கும். அப்பாவின் மெஷினில் கடைசி அப்டேட் ஏறி 26 நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

சந்தேகம் இருந்தால் இன்றைக்கே உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். அப் டைமைக் குறித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து மறுபடி போடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் எண் விட்ட இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுதாக அணையும். சர்வீஸ் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வில்லிவாக்கம் போய் உட்கார்ந்தேன். முதலில் ஈவென்ட் வியூவர், அதாவது கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் இடம். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம், அதில் 'கெர்னல்-பூட்' என்ற பெயரில் 27 என்ற எண்ணுள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டினேன். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் எழும்போதும் எப்படி எழுந்தது என்று அங்கே ஒரு வரி விழும். அந்த 'பூட் டைப்' வரியின் கடைசி இலக்கம் 0 என்றால் முழுதாக அணைந்து எழுந்தது, 1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 2 என்றால் ஹைபர்னேட்டிலிருந்து (திறந்திருந்த புரோகிராம்களையும் சேர்த்து டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது). அப்பாவுடையதில் தினம் காலையில் ஆறரை மணிவாக்கில் ஒரு 1. வரிசையாக, ஒரு நாள் விடாமல். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேதி தேதியாகக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "அப்ப நான் அணைச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "அதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

வந்ததுதான் வந்தோம், புது டிஸ்கையும் பார்ப்போமே என்று கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டேன். இலவச மென்பொருள்தான். டிஸ்க் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கணக்கைப் படித்துக் காட்டும். மேலே நீலக் கட்டத்தில் 'குட்' என்று போட்டிருந்தது. பலர் அதோடு மூடிவிடுவார்கள். நீங்கள் வலது பக்கம் பாருங்கள். 'பவர் ஆன் ஹவர்ஸ்' 21,000-க்கு மேல். 'பவர் ஆன் கவுன்ட்' முப்பத்துச் சொச்சம். அதாவது புதிது என்று விற்ற டிஸ்க் ஏற்கனவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, அதுவும் அணைக்காமலே. இவ்வளவு மணி நேரம், இவ்வளவு குறைவாக அணைத்துப் போட்டது என்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்திருக்காது. ஏதோ கடையின் சி.சி.டி.வி. ரெக்கார்டரிலிருந்து கழற்றியது என்பது என் ஊகம். 26 நாள் ஓட்டினால் டிஸ்க் போய்விடும் என்று என் அப்பாவுக்குப் பாடம் எடுத்தவன் விற்ற சரக்கு இது.

அடுத்து பழைய பில்லைத் தேடினேன். நல்ல வேளையாக, வாங்கும்போது கொடுத்த பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதியிருந்தது. டிஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரன்ட்டி எதுவரை என்று வந்துவிடும். பழைய டிஸ்குக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. அப்படி இருக்கும் டிஸ்கை கம்பெனிக்கு அனுப்பினால் மாற்று டிஸ்க் கிடைக்கும். அது யாருக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சில வீட்டு உபயோக டிஸ்குகளின் விவரத்தாளில் ஆண்டுக்கு 2,400 மணி நேரப் பயன்பாடு என்று ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் டிஸ்கின் உள்ளே இருக்கும் மணிக் கணக்கு. டாஸ்க் மேனேஜர் அதற்கான இடம் இல்லை. வாரன்ட்டி உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியதும் தயாரித்த கம்பெனி, வீட்டுக்கு வரும் பையன் இல்லை.

கடைக்குப் போனேன். முதலாளி முதலில் சொன்னது: "மேடம், பெரியவருக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பார்." ஈவென்ட் வியூவர் பக்கங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன், மேஜையில் வைத்தேன். உங்கள் கடைக் கம்ப்யூட்டரையே ஒரு முறை அணைத்துப் போட்டு அந்த எண்ணைப் பாருங்கள் என்றேன். தொடவில்லை. டிஸ்கைப் பற்றிக் கேட்டதும் பேச்சு மாறியது. "அது ரீஃபர்பிஷ்டு பீஸ் மேடம், அதான் ரேட் கம்மி." அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 6,200 என்பது சீல் பிரிக்காத புது டிஸ்கின் விலை. சீட்டில் ரீஃபர்பிஷ்டு என்ற வார்த்தையும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை.

அங்கிருந்தே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். கையில் வைத்திருக்க வேண்டியவை: பழைய பில், எஸ்டிமேட் சீட்டு, யு.பி.ஐ.யில் பணம் போனதற்கான அத்தாட்சி, ஸ்கிரீன்ஷாட்டுகள். அப்பா வழக்கம்போல ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபே செய்திருந்தது பெரிய உதவி. இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால், கழற்றிய பாகத்தை மட்டும் கையை விட்டுப் போக விடாதீர்கள். டிஸ்க் என்றால் இரண்டு மடங்கு கவனம். செத்துப்போன டிஸ்க் என்று அவர்கள் சொல்வதிலிருந்தும் ஃபைல்களை எடுக்க முடியும். வாரன்ட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் சீரியல் நம்பர் எழுதி, முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள். புதிதாக மாட்டும் டிஸ்கை, அந்த ஆள் வீட்டில் இருக்கும்போதே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள். புதிது என்றால் மணிக் கணக்கு பூஜ்யம், அல்லது அதற்கு ஒட்டி இருக்க வேண்டும். இந்தக் கணக்கையே அழித்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்குகள் அப்படிப் புதிது என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. அதனால் சீல் பிரிக்காத பெட்டி, ஜி.எஸ்.டி. பில், தயாரிப்பாளர் தளத்தில் வாரன்ட்டித் தேதி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, கம்ப்யூட்டரை ஓட விடுவதா, அணைப்பதா? சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்போது என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ராத்திரி வேலை ஏதும் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். சும்மா ஓடும் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 75 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட் அதற்கே போய்விடும். பகலில் எழுந்து எழுந்து போகிறவர்களுக்கு ஸ்லீப் போதும், சில வாட்டுகள்தான் இழுக்கும். அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். தினம் ஒரு முறை அணைத்துப் போடுவது டிஸ்குக்கு ஒரு பொருட்டே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

புகார் இப்போது எங்கே நிற்கிறது என்றால், டிஸ்குக்கு வாங்கிய 6,200 திரும்பி வந்துவிட்டது. காப்பி எடுத்ததற்கும் வந்து போனதற்கும் தர மாட்டோம் என்கிறார்கள். பழைய டிஸ்க் எங்கே என்றால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் போய்விட்டது என்று ஒரு நாள், குடோனில் தேடுகிறோம் என்று இன்னொரு நாள். அதில் எங்கள் நாலு பேருடைய ஆதார் நகலும் இருப்பதால் எல்லோருக்கும் பயோமெட்ரிக் லாக் (ஆதாரில் நம் கைரேகை, கருவிழிப் பதிவை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டுவது) போட்டாயிற்று. இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். வரவில்லையென்றால் சீரியல் நம்பரோடு மாவட்ட ஆணையத்துக்குப் போகிறேன். மனு தயாராக இருக்கிறது.