டிசைன் படிக்க சென்னையா, அகமதாபாத்தா?

பிளஸ் டூ முடித்துவிட்டு டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, இன்னொன்று அகமதாபாத் என்.ஐ.டி., அதாவது நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன். இரண்டும் அரசு நடத்துபவை, இரண்டிலும் படிப்பு நான்கு வருடம். என்.ஐ.டி. கிடைக்காதவர்கள் சேரும் இடம்தான் சென்னைக் கல்லூரி என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. ஓவியம், சிற்பத்தோடு காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, துணி, செராமிக் என்று பயன்பாட்டுக் கலைப் பிரிவுகளும் உண்டு. பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) பட்டம். இங்கே முதலில் பழக்குவது கையை. பென்சிலும் பிரஷ்ஷுமாக வரைந்து, அழித்து, மறுபடி வரைய வேண்டும். தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஞ'வின் சுழி எங்கே தடிக்க வேண்டும், 'ழ'வின் வால் எவ்வளவு இறங்கலாம் என்பதெல்லாம் கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் பிடிபடும். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் தலைப்பெழுத்து எழுதிய ஓவியர் ஆதிமூலம் இங்கே படித்தவர்தான்.

என்.ஐ.டி.யின் வேர் வேறு. 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம்மூர்ச் சொம்பை எடுத்து, அதன் எடை, வாய் அகலம், தலையில் வைத்தால் நிற்பது, இடுப்பில் அணைவது என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டிருப்பார்கள். 1961-ல் தொடங்கிய நிறுவனத்தின் படிப்பு இன்றும் அந்தக் கேள்விகளின் வழியில்தான் போகிறது. மாணவர்கள் ஒரு கைவினை ஊருக்குப் போய்த் தங்கி கருவி, மூலப்பொருள், சந்தை எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். வரைவதைவிட, யாருக்காக எதற்காகச் செய்கிறோம் என்று யோசிக்கும் பழக்கம் நன்றாக ஊறிவிடும். நிறுவனங்களில் வேலை கேட்கும்போது இது பெரிய பலம்.

என்.ஐ.டி.யின் ஆரம்ப காலத் தூண்களில் ஒருவரான தஷ்ரத் படேல், சென்னைக் கல்லூரியில் அப்போதைய முதல்வர், சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரியிடம் படித்தவர். கை பழகியவர்தான் அங்கே போய்க் கற்பித்தார்.

செலவில் ஒப்பிடவே முடியாது. சென்னையில் கட்டணம் ஆயிரங்களில் முடியும், என்.ஐ.டி.யில் பல லட்சம் ஆகும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அங்கே உதவித்தொகை உண்டு, விசாரித்துப் பாருங்கள். அப்புறம் மொழி. என்.ஐ.டி.யில் பாடம், விவாதம் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஐ.ஐ.டி.கள் சிலவற்றிலும் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கலை, வணிகப் பிரிவு மாணவர்களும் எழுதலாம். பொருள் வடிவமைப்பு, செயலி வடிவமைப்பில் நாட்டம் உள்ளவர்கள் அதையும் பார்க்கலாம்.

எழுத்து, ஓவியம், பதிப்பு, துணி என்று இந்த மண்ணிலேயே வேலை செய்ய நினைப்பவருக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன். பெரிய அமைப்புகளோடு, குழுவாக, ஆய்வு சார்ந்து வேலை செய்ய விரும்புகிறவர் என்.ஐ.டி.க்கு முயலட்டும். தேதியில் மட்டும் கவனம் வேண்டும். என்.ஐ.டி. விண்ணப்பமும் முதல்நிலைத் தேர்வும் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். சென்னைக் கல்லூரிச் சேர்க்கை ரிசல்ட் வந்த பிறகுதான். அதனால் இரண்டுக்குமே விண்ணப்பிக்கலாம்.