முதல் கட்டமா, மூன்றாம் கட்டமா? மருந்து ஆய்வில் சேரும் முன்

மருந்து ஆய்வில் சேர்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: எந்தக் கட்டம்? புது மருந்தை மனிதர்களிடம் கட்டம் கட்டமாகத்தான் சோதிப்பார்கள்.

முதல் கட்டத்தில் பெரும்பாலும் 20 முதல் 100 பேர் வரைதான் இருப்பார்கள். மருந்து நோயைக் குணமாக்குமா என்பது அங்கே முதன்மைக் கேள்வி இல்லை. எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும், என்ன பக்கவிளைவு வரும் என்பதுதான். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். வேறு சிகிச்சை பலிக்காத புற்றுநோயாளிகள் இதில் நம்பிக்கையோடு சேர்வதுண்டு. அந்த நம்பிக்கையில் தவறே இல்லை. ஆனால் பலன் கிடைக்காமலே போகலாம் என்பதை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர், சில சமயம் ஆயிரக்கணக்கானோர். மருந்தின் பாதுகாப்பு ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் புது மருந்து உங்களுக்கே கிடைக்கும் என்ற உறுதியில்லை. பெரும்பாலும் குலுக்கல் முறையில் குழு பிரிப்பார்கள். மறு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோ, மருந்தில்லாத போலி மாத்திரையோ போகும். யாருக்கு எது என்று பல ஆய்வுகளில் மருத்துவருக்கே தெரியாது.

என்னைக் கேட்டால், நல்ல சிகிச்சை கையில் இருக்கும்போது முதல் கட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். அப்புறம், எந்தக் கட்டமானாலும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.